பாடத் தேர்வில்தான் சிக்கல்

வெளிநாட்டுக் கல்லூரியில் ஒரு செமஸ்டர் படிக்கப் போகும் மாணவர்களுக்கான இந்தக் கட்டுரை விசா, தங்குமிடம் பற்றி நன்றாகச் சொல்கிறது. ஆனால் அமெரிக்காவின் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிக்கு (கலை, அறிவியல் எனப் பல துறைப் பாடங்களையும் கலந்து கற்பிக்கும் இளநிலைக் கல்லூரி) ஒரு செமஸ்டர் மட்டும் போகிறவர்கள் திணறுவது பாடத் தேர்வில்தான். ஆசிரியர்கள் குறைவு என்பதால் மேம்பட்ட பாடங்கள் பல ஒன்றுவிட்டு ஒரு ஆண்டுதான் நடக்கும், இடமும் சீக்கிரம் நிரம்பிவிடும். 4 பாடம் தேவையென்றால் 8 பாடங்களுக்கு உங்கள் சொந்தக் கல்லூரித் துறையில் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். சிலபஸைக் கட்டாயம் சேமித்துவையுங்கள். திரும்பியதும் அங்கே பெற்ற கிரெடிட்டை (முடித்த பாடத்துக்குக் கிடைக்கும் மதிப்பலகு) உங்கள் கல்லூரிக்கு மாற்ற அதைத்தான் கேட்பார்கள். சில கல்லூரிகளில் ஒரு பாடம் ஒரு யூனிட். அது எத்தனை கிரெடிட்டுக்குச் சமம் என்று அந்தக் கல்லூரிப் பதிவாளரிடம் கடிதம் வாங்கிவிடுங்கள்.

ஜே-1 விசாவில் (பரிமாற்றத் திட்டங்களில் அமெரிக்கா வருபவர்களுக்கான விசா) இருப்பவர்கள் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எந்தப் பாடத்தையும் கைவிடாதீர்கள். முழுநேரப் படிப்பு என்ற அளவுக்குக் கீழே போனால் விசாவுக்கே ஆபத்து. பல பாடங்களில் வகுப்பில் பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு, வாயே திறக்காமல் இருந்தால் கிரேடு குறையலாம்.