வேலூர்க்காரருக்கு ஹீட்டர் ஜாக்கெட்

(காட்பாடி ரோட்டோரம் ஒரு பைக் வயரிங் கடை. மார்கழி மாதம்தான். ஆனால் வேலூரில் மார்கழிக்கும் மத்தியானம் என்று ஒன்று உண்டு, அது சுடும். கடைக்காரர் மூர்த்தி பனியனோடு உட்கார்ந்திருக்கிறார். கல்யாணமாகி ஆறு மாதமான லோகு, தன் நூறு சிசி வண்டியை ஸ்டாண்டு போடுகிறார்.)

லோகு: அண்ணே, பேட்டரியிலிருந்து சீட்டுக்கு முன்னால் ஒரு வயர் இழுத்துக் கொடுங்கள்.

மூர்த்தி: செல்லுக்கு சார்ஜ் போடவா?

லோகு: இல்லை அண்ணே, எனக்கு.

மூர்த்தி: இன்னா தம்பி, உடம்பு சரியில்லையா?

லோகு: தலைப்பொங்கல் வருகிறது. மாமியார் வீடு ஏலகிரி மேலே, அத்தனாவூர். போகி அன்றைக்கு விடியற்காலை மலை ஏற வேண்டும். மாமனார் போன் போட்டு, “மாப்பிள்ளைக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டார். ஹீட்டர் ஜாக்கெட் என்று சொல்லிவிட்டேன். உள்ளே கம்பி ஓடும், பட்டனைத் தட்டினால் சூடாகும்.

மூர்த்தி: (விசிறிக்கொண்டே) வேலூரில் உட்கார்ந்துகொண்டு சூடு வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் நீதான். எந்த மாதிரி ஜாக்கெட்? வண்டியில் செருகுகிறதா, தனி பேட்டரியா?

லோகு: வண்டியில் செருகுகிறதுதான். பன்னிரண்டு வோல்ட். தனி பேட்டரி என்றால் தினமும் சார்ஜ் போட வேண்டும்; அது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

மூர்த்தி: எத்தனை வாட்?

லோகு: எண்பது என்று போட்டிருக்கிறது.

மூர்த்தி: உன் ஹெட்லைட் எத்தனை?

லோகு: தெரியாதே.

மூர்த்தி: முப்பத்தைந்து. நீ ரெண்டு ஹெட்லைட்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போகப் பார்க்கிறாய். எண்பதைப் பன்னிரண்டால் வகு. ஆறரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உன் பேட்டரியைப் பார்.

(சைடு கவரைக் கழற்றுகிறார். டிபன் பாக்ஸ் அளவுகூட இல்லாத ஒரு பேட்டரி, தூசிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது.)

மூர்த்தி: நாலு ஆம்பியர்-ஹவர், அதாவது நாலு ஆம்பியரை ஒரு மணி நேரம் கொடுக்கும், அவ்வளவுதான். இதை நம்பினால் அரை மணி தாங்காது.

லோகு: வண்டி ஓடும்போது சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்குமே?

மூர்த்தி: ஸ்டார்ட் பண்ணு. ஆக்சிலரேட்டரைத் தொடாதே. இப்போது ஹாரன் அடி.

(ஹாரன் அடிக்கிறார். விளக்கு ஒரு முறை சுருங்கி, மறுபடி தேறுகிறது.)

மூர்த்தி: பார்த்தாயா? ஒரு ஹாரனுக்கே மூச்சு வாங்குகிறது. இதில் கரண்ட் உற்பத்தி பண்ணுகிற கம்பிச்சுருள், விளக்குக்கும் பிளக்குக்கும் போக மிச்சம் வைப்பது கொஞ்சம்தான். பெரிய பைக் என்றால் சரி, அதில் தாராளமாகக் கரண்ட் உற்பத்தியாகும். பேட்டரி பக்கத்திலேயே பத்து ஆம்பியர் பியூஸ் ஒன்று வைத்து, சாவி ஆஃப் பண்ணினால் நிற்கிற மாதிரி ரிலே போட்டு நானே இழுத்துக் கொடுப்பேன். இந்த வண்டியில் ஜாக்கெட் மாட்டினால் பள்ளிகொண்டா டோல் தாண்டும்போது உனக்கு வியர்க்கும். வாணியம்பாடியில் வண்டிக்குக் குளிர் ஜுரம் வந்துவிடும்.

லோகு: பகலில் ஹெட்லைட்டை அணைத்துவிட்டால் மிச்சமாகுமே?

மூர்த்தி: எப்படி அணைப்பாய்? 2017-க்கு அப்புறம் வந்த வண்டியில் அந்த சுவிட்சே கிடையாது. அதுவும் ஏலகிரியில் பதினாலு கொண்டை ஊசி வளைவு. ஹாரன் இல்லாமல் திரும்பினால் எதிரில் வருகிற பஸ்காரன் உனக்குப் பொங்கல் வைத்துவிடுவான்.

லோகு: அதற்காக நடுங்கிக்கொண்டே போகச் சொல்கிறீர்களா?

மூர்த்தி: அந்த வளைவுகளுக்கெல்லாம் புலவர் பேரும் வள்ளல் பேரும் வைத்திருக்கிறார்கள், தெரியுமா? வள்ளல் பேகன் மயில் நடுங்குகிறது என்று போர்வை போர்த்தினான். மயில், “எத்தனை வோல்ட்?” என்று கேட்டதா?

லோகு: மயில் அறுபதில் போகவில்லை அண்ணே!

மூர்த்தி: (யோசித்து) அது நியாயம். உன்னைக் கொல்வது குளிர் இல்லை, காற்று. நீ நின்றால் அது சும்மா இருக்கும். அறுபதில் போனால் உடம்பில் இருக்கிற சூட்டை உருவிக்கொண்டு போய்விடும். முதலில் காற்றை நிறுத்து. மேலே காற்றுப் புகாத ஒரு உறை வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூரில் தோல் தைத்து உலகத்துக்கே அனுப்புகிறார்கள், நம் ஊர்க்காரன் பனியனோடு மலை ஏறுகிறான். தோல் வாங்க முடியாவிட்டால் ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டைப் போடு, போதும்.

லோகு: ஹீட்டர் ஜாக்கெட்டையே மேலே போட்டால்?

மூர்த்தி: பெங்களூர் ஹைவேக்கு இலவசமாக வெந்நீர் போட்ட மாதிரி. அது உள்ளே, மெல்லிசு சட்டைக்கு மேல் ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். காற்றை நிறுத்தும் துணி அதற்கும் மேலே. தொளதொளவென்று வாங்கினால் கம்பி சுடும், நீ நடுங்குவாய்.

லோகு: உடம்பை விடுங்கள். கை விறைத்துப் பிரேக்கே பிடிக்க முடிவதில்லை.

மூர்த்தி: அதை முதலில் சொல்ல வேண்டாமா! அப்படியானால் கையுறை மட்டும் வாங்கு. மணிக்கட்டில் குட்டி லித்தியம் பேட்டரி செருகுகிற வகை, வண்டிக்குப் பாரமே இல்லை. நடு அளவில் வைத்தால் ரெண்டு மணி நேரம்போல ஓடும். இங்கிருந்தே போட்டுக்கொண்டு கிளம்பாதே. பொன்னேரிக் கூட்ரோடு போய் மலை ஏறும்போது பட்டனைத் தட்டு. கையுறை விரல் தடித்திருந்தால் கிளட்ச் பிடிபடாது, கடையிலேயே மாட்டி லீவரை அழுத்திப் பார்.

லோகு: சார்ஜ் போட மறந்துவிட்டால்?

மூர்த்தி: கல்யாணம் ஆகிவிட்டதில்லையா? ஞாபகப்படுத்த ஆள் இருக்கிறது.

லோகு: அவள் ஞாபகப்படுத்துவாள் அண்ணே. ஏலகிரி போய்ச் சேர்ந்த பிறகு, எல்லார் முன்னாலும்.

(மூர்த்தி கவரை மாட்டி ஸ்குரூவை முறுக்குகிறார். லோகு வண்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.)

லோகு: அண்ணே, ஒரு யோசனை. மாமனார் ஜாக்கெட் வாங்கித் தருவதாக ஒத்துக்கொண்டுவிட்டார். அந்த ஜாக்கெட்டுக்கு இந்த வண்டி போதாது. அப்படியென்றால் ஜாக்கெட்டுக்குத் துணையாக ஒரு பெரிய பைக்...

மூர்த்தி: தம்பி, 1961-லேயே வரதட்சணைக்கு எதிராகச் சட்டம் போட்டுவிட்டார்கள். வேலூர் ஜெயில் பக்கத்திலேயே இருக்கிறது, போய்ப் பார். உள்ளே பிளக் பாயிண்ட் கிடையாது.

லோகு: (செல்லை எடுத்து) மாமா? நான்தான், மாப்பிள்ளை. ஜாக்கெட் வேண்டாம், கையுறை போதும்... அய்யய்யோ, கோபமெல்லாம் இல்லை மாமா!