தவளைக்கும் நான்கெல்லை உண்டு

‘மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய தவளை கண்டுபிடிப்பு.’ இந்தத் தலைப்பை அடிக்கடி பார்க்கிறோம். கீழே ஒரு படம், இரண்டு பத்தி, முடிந்தது. யாரோ டார்ச் லைட்டோடு காட்டுக்குள் போனார், ஒரு இலையைப் புரட்டினார், இதுவரை யாருமே பார்க்காத தவளை அடியில் உட்கார்ந்திருந்தது, பேர் வைத்துவிட்டார் என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, என் அக்கா மகன் தவளை ஆராய்ச்சிக்குப் போகும்வரை.

நான் பத்திர எழுத்தர். முப்பது வருஷமாகக் கிரயம், தானம், பாகப்பிரிவினை என்று எழுதிக்கொண்டிருப்பவன். எனக்கும் தவளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அவன் செய்கிற வேலையைக் கேட்கக் கேட்க, அட, இது நம்ம தொழில்தானே என்றுதான் பட்டது. அதனால்தான் அந்தக் ‘கண்டுபிடிப்பு’ என்ற வார்த்தை மேல் எனக்குக் கோபம். காட்டில் நின்ற நிலத்தை யாரும் கண்டுபிடிப்பதில்லை. அது அங்கேதான் கிடக்கிறது. அதற்கு எல்லை எழுதுவதில்தான் வேலை இருக்கிறது.

ஊதாத் தவளையையே எடுத்துக்கொள்ளுங்கள். இடுக்கிப் பக்கத்துத் தவளை. ஊதிய பலூனுக்குக் குட்டைக் கால் வைத்தாற்போல உடம்பு, பன்றி மூஞ்சி மாதிரி கூம்பிய மூக்கு. வருஷத்தில் பெரும்பாலான நாள் மண்ணுக்குள்ளேயே இருந்து கறையான் தின்கிறது. மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் இனச்சேர்க்கைக்காக வெளியே வரும். தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜுவும் பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த ஃப்ராங்கி போசைட்டும் 2003 அக்டோபரில் நேச்சர் இதழில் இதை விவரித்து, நாசிகாபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ் என்று பேர் வைத்தார்கள். நாசிகா மூக்கு, பட்ராகஸ் தவளை, மிச்சம் சஹ்யாத்ரி மலை. இதற்கென்று தனிக் குடும்பமே ஏற்படுத்த வேண்டியிருந்தது. நெருங்கிய சொந்தக்காரர்கள் இருப்பது கடலுக்கு அப்பால், சுமார் 3000 கிலோமீட்டர் தள்ளி, செஷல்ஸ் தீவுகளில். இந்தியாவும் அந்தத் தீவுகளும் ஒரே நிலமாக ஒட்டிக்கிடந்த காலத்து உறவு.

உலகமே வியந்தது சரி. ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு இது புதுசா? மலையாளத்தில் இதற்கு மாவேலித் தவளை என்று பேர் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை பாதாளத்திலிருந்து மேலே வந்து தலைகாட்டிவிட்டுப் போகிற மகாபலியை நினைத்து வைத்த பேர். பாதாளத் தவளை என்றும் சொல்வார்கள், பன்னிமூக்கன் என்றும் சொல்வார்கள். எவ்வளவு நாள் கூர்ந்து பார்த்திருந்தால் மாவேலி என்ற பேர் வாயில் வரும்!

அதைவிட வேடிக்கை இன்னொன்று. இதன் தலைப்பிரட்டையை விலங்கியல் ஆய்வாளர்கள் அன்னண்டேலும் சி.ஆர். நாராயண ராவும் 1910களிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். பேய்த்தனமாகப் பாயும் காட்டோடையில் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டிருக்கிற தலைப்பிரட்டை. வாயே உறிஞ்சுகுமிழ் மாதிரி. பிள்ளையைப் பதிவு செய்தாயிற்று, பெற்றவர் யார் என்று தெரியவில்லை. எண்பது வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் தாய் தகப்பன் பேர் எழுதப்பட்டது.

சின்ன வயதில் எங்கள் ஊருக்கு மேலே ஓடையில் குளிக்கப் போகும்போது, தண்ணீர் விழுகிற பாறையில் கறுப்பாக அட்டை மாதிரி ஒட்டியிருப்பதை நகத்தால் நெம்பியிருக்கிறேன். நெம்பினால் வராது. விரலை எடுத்ததும் வழுக்கி ஒரு சாண் மேலே ஏறி மறுபடி ஒட்டிக்கொள்ளும். அது இதுதானா என்று சத்தியம் செய்யமாட்டேன். பாறையில் ஒட்டும் தலைப்பிரட்டை வேறு இனத்திலும் உண்டு என்று அக்கா மகன் என் ஆசையில் மண் போட்டுவிட்டான்.

போன வருஷம் அவன் வேலை செய்கிற ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தேன். மேசையில் ஒரு கண்ணாடிக் குப்பி. சாராயத்தில் மூழ்கி வெளிறிப்போன ஒரு தவளை, இடுப்பில் நூல் கட்டிய எண் சீட்டு. உயிரோடு இருந்தபோது பச்சையாம். சாராயத்தில் நிறம் போய்விடும் என்பதால் பிடித்த அன்றைக்கே படம் எடுத்து, கண்ணின் நிறம், தொடை உள்பக்கத்து நிறம் எல்லாம் எழுதிவைக்க வேண்டும். வெர்னியர் காலிப்பரை வைத்து மூக்கு நுனியிலிருந்து குதம் வரை அளந்தான், எழுதினான், எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். ஒரே அளவை மூன்று தடவை. அப்புறம் கண், கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே உள்ள தூரம், செவிப்பறை, ஒவ்வொரு விரல், விரல் நுனி வட்டு, எந்த விரலில் எந்தக் கணு வரைக்கும் சவ்வு இருக்கிறது என்பது வரை.

“எதுக்கு மாப்ளே ஒண்ணையே இத்தனை தடவை அளக்குற?” என்றேன்.

“நாளைக்கு நான் இல்லாதப்ப, என் முகம் தெரியாத ஒருத்தன் இதைப் படிச்சிட்டு, கையில் இருக்கிற தவளை இதுதானான்னு சொல்லணும் மாமா” என்றான்.

எனக்கு என் குருநாதர் ஞாபகம் வந்துவிட்டது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு புஞ்சைக்கு எல்லை எழுதும்போது ‘புளியமரத்துக்கு மேற்கு’ என்று எழுதிவிட்டேன். வண்டிப்பாதையைச் சொல்லவில்லை, கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்று அளவும் போடவில்லை. பத்து வருஷத்தில் ஒரு காற்றில் மரம் விழுந்தது. பங்காளிகள் இரண்டு பேர் கோர்ட்டு வரைக்கும் போனார்கள். அந்தப் பத்திரத்தை நீட்டி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

தவளையிலும் இதே கூத்து நடந்திருக்கிறது. மேலே சொன்ன நாராயண ராவ் பெரிய ஆள். தென்னிந்தியத் தவளைகளைப் பற்றி அந்தக் காலத்தில் அவ்வளவு எழுதியவர் குறைவு. ராவோர்கெஸ்டெஸ் என்கிற புதர்த்தவளைப் பேரினமே அவர் நினைவாகத்தான் இருக்கிறது. 1937இல் அவர் வரிசையாகப் பல இனங்களுக்குப் பேர் வைத்தார். பின்னாளில் அவர் குப்பியில் சேர்த்துவைத்த தவளை மாதிரிகள் தொலைந்துபோயின. ஒரு இனத்துக்குப் பேர் வைக்கும்போது ‘இதுதான் அது’ என்று ஒரே ஒரு மாதிரியைக் காட்டிப் பத்திரப்படுத்துவார்கள். எங்கள் பாஷையில் மூலப்பத்திரம். அது போய்விட்டால், பக்கத்து மலையில் பிடித்தது அவர் சொன்னதுதானா, வேறா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. மறுபடி அதே இடத்துக்குப் போய்ப் பிடித்து, அவர் எழுதிய வரிகளோடு ஒப்பிட்டு, வில்லங்கம் தீர்க்க வேண்டியதுதான். புதிசாகப் பேர் வைப்பதைவிட இதற்குத்தான் வருஷக்கணக்கில் ஆகிறது. இது எந்தப் பேப்பரிலும் தலைப்பாக வராது.

மாதிரி என்றால் உயிரை எடுக்கத்தானே வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். நானும் கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே. படம் பிடித்தால் போதாதா, தொடையிலிருந்து துளி தசை எடுத்து டிஎன்ஏ பார்த்தால் போதாதா? அவன் சண்டைக்கு வரவில்லை, இலங்கைக் கதை ஒன்று சொன்னான். 19ஆம் நூற்றாண்டில் அங்கே பிடித்து அருங்காட்சியகத்தில் போட்டு வைத்த தவளைகளை மேகஸ்கும்புராவும் கூட்டாளிகளும் எடுத்து ஆராய்ந்தார்கள். 2007இல் இரண்டு புதிய புதர்த்தவளை இனங்கள் என்று எழுதினார்கள். காட்டில் தேடினால் இரண்டுமே இல்லை. பேர் வைக்கும்போதே அழிந்தவை. அந்தக் குப்பி இல்லையென்றால், இப்படி ஒன்று இருந்தது என்பதற்கே அத்தாட்சி கிடையாது. எனக்கு முழுச் சமாதானம் ஆகவில்லை. குறைவாக எடுக்க வேண்டும், வனத்துறை அனுமதியோடு எடுக்க வேண்டும், பெட்டை முட்டையோடு இருந்தால் விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. ஆனாலும் ‘கொலைகாரப் பயல்கள்’ என்று பின்னூட்டம் போடுவதை நிறுத்திவிட்டேன்.

இனி நம் பக்கத்துக் கதை. அந்த ஊதாத் தவளை மலைக்கு அந்தப் பக்கத்துச் சொத்து என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2017இல் ஜனனி, கார்த்திகேயன் வாசுதேவன் உள்ளிட்டவர்கள் இன்னொன்றை விவரித்தார்கள். இடம் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயத்தை ஒட்டிய கிழக்குச் சரிவு. அதாவது எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உருவம், சத்தம், டிஎன்ஏ மூன்றையும் ஒப்பிட்டு வேறு என்று காட்டினார்கள். எனக்குப் பிடித்தது வேறொரு வித்தியாசம். இடுக்கித் தவளை தென்மேற்குப் பருவமழைக்கு மேலே வரும். இது வடகிழக்குப் பருவமழைக்கு வரும். அந்த ஊர்க்காரனுக்கு இடவப்பாதி, நமக்கு ஐப்பசி அடைமழை. ஒரே மலை, இரண்டு மழை. அது தவளைக்கும் தெரிந்திருக்கிறது. ஒருத்தி முட்டையிட வருகிற மாதத்தில் இன்னொருத்தி மண்ணுக்குள் இருக்கிறாள். சம்பந்தம் எப்படி நடக்கும்?

இதற்கு நாசிகாபட்ராகஸ் பூபதி என்று பேர். கோயம்புத்தூர் சலீம் அலி மையத்தில் இருந்த ஊர்வன ஆய்வாளர் எஸ். பூபதி நினைவாக வைத்தது. 2014இல் அகத்தியமலையில் கள ஆய்வுக்குப் போன இடத்தில் இறந்துபோனவர். நம் ஊரில் மனிதன் பேரைத் தெருவுக்கு வைப்போம், பஸ் ஸ்டாண்டுக்கு வைப்போம், ஆட்சி மாறினால் மாற்றுவோம். இந்தப் பேர் அப்படிப் போகாது. முதலில் முறையாக வைத்த பேர்தான் செல்லும் என்பது விலங்குப் பேர்களுக்கான சர்வதேச விதி.

ஒரு கொசுறு. 2017இலேயே கேரளம், தமிழ்நாட்டு மலைகளிலிருந்து ஏழு இராத்தவளை இனங்களைச் சோனாலி கார்க், பிஜு குழு விவரித்தது. அதில் நாலு, ஒரு சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டியவை, கட்டைவிரல் நகத்தில் உட்காரும். அபூர்வமும் இல்லையாம், அந்த இடங்களில் ஏராளமாக இருக்கிறதாம். சத்தம் பூச்சி மாதிரி இருப்பதால் பூச்சி என்றே விட்டிருக்கிறார்கள். சத்தத்தை வைத்தும் இனம் பிரிப்பதால், அதைப் பதிவு செய்கிறவர்கள் அந்த நேரத்துக் காற்றின் வெப்பம்கூடக் குறித்துக்கொள்கிறார்கள். குளிர்ந்தால் கத்துகிற வேகம் மாறும், அது தெரியாமல் ஒப்பிட்டால் ஒன்றை இரண்டாக எழுதிவிடலாம்.

சரி, எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். கேரளத்துக்காரன் மாவேலி, பாதாளம், பன்னிமூக்கன் என்று மூன்று பேர் வைத்திருக்கிறான். கிழக்குச் சரிவில், ராஜபாளையம், வத்திராயிருப்பு, வாசுதேவநல்லூர் பக்கம் மலையேறுகிறவர்கள், தேன் எடுக்கிறவர்கள், கிணறு வெட்டுகிறவர்கள் ஐப்பசியில் இதைப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். என்ன பேர், எந்த ஓடை, எந்த மாதம் என்று கீழே எழுதுங்கள். புளியமரத்துக்கு மேற்கு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.