வழுதுணை இன்னும் சந்தையில் இருக்கிறது
கத்தரிக்காயின் பழைய பெயரான ‘வழுதுணை’ வழக்கொழிந்துவிட்டது என்று கட்டுரையில் எழுதியிருப்பது சரியல்ல. நாகர்கோவில் பக்கம் எங்கள் வீட்டில் இன்றைக்கும் ‘வழுதலங்கா’தான். ஆச்சி சந்தையில் நீளமான பச்சைக் காயாகப் பார்த்து, காம்பு வாடாமல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துதான் எடுப்பாள். அவியலுக்கு அதுதான் வேண்டும். ஔவையாரின் தனிப்பாடலில் ‘வரகரிசிச் சோறும் வழுதுணங்காய் வாட்டும்’ என்று வருவதும் இதே காய்தான். எல்லை தாண்டினால் மலையாளத்தில் ‘வழுதன’. முந்தைய கருத்தில் ஒருவர் ‘பிரிஞ்சால்’ சுத்த ஆங்கிலச் சொல் என்கிறார். அது போர்ச்சுகீசிய ‘பெரிஞ்செலா’விலிருந்து வந்தது, அதற்கு முன் அரபியில் ‘பாதிஞ்சான்’, பாரசீகத்தில் ‘பாதிங்கான்’. அந்தப் பாரசீகச் சொல்லே இந்தியாவிலிருந்து போனதுதான் என்றும், அதன் வேர் நம் வழுதுணையோடு சேர்ந்த திராவிடச் சொல் என்றும் மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். கட்டுரையில் இதற்கு ஒரு பத்தியாவது கொடுத்திருக்க வேண்டும்.