கனடாவின் சட்டத்தை லண்டன் ரத்து செய்ய முடியுமா?

"கனடாவுக்கு இன்றும் மன்னர் சார்லஸ்தான், அங்கே இயற்றும் சட்டத்தை லண்டன் நினைத்தால் ரத்து செய்துவிடலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. முதல் பாதி சரி. இரண்டாம் பாதி தவறு.

1914-இல் பிரிட்டன் போரில் இறங்கியதும் கனடாவும் தானாகவே போரில் இருந்தது. 1931 வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அந்த உறவை மாற்றியது: டொமினியன் (கனடா போல பிரிட்டிஷ் முடியின் கீழ் தன்னாட்சி பெற்ற நாடு) கேட்டு, சம்மதித்தால் ஒழிய பிரிட்டன் நாடாளுமன்றத்தின் புதிய சட்டம் அங்கே செல்லாது. 1939-இல் பிரிட்டன் செப்டம்பர் 3 அன்று போர் அறிவித்தது. கனடா தன் நாடாளுமன்றத்தைக் கூட்டிப் பேசி, 10-ஆம் தேதிதான் அறிவித்தது. அந்த ஒரு வார இடைவெளி தற்செயல் அல்ல.

ஒரு நூலிழை மட்டும் மிஞ்சியிருந்தது. அரசியலமைப்பைத் திருத்தும் முறையில் கனடாவின் மாகாணங்களும் மத்திய அரசும் உடன்படாததால், அந்த அதிகாரம் லண்டனிலேயே கிடந்தது. 1982 ஏப்ரல் 17 அன்று ஒட்டாவாவில் ராணி எலிசபெத் கையெழுத்திட்ட பிரகடனத்தோடு அதுவும் அறுந்தது. அன்று பெய்த மழைத்துளியில் மை கரைந்த கறையை அந்தத் தாளில் இன்றும் காணலாம்.

டொமினியனின் சம்மதம் வேண்டும் என்று சொல்லும் 1931 சட்டத்தின் நான்காம் பிரிவு பிரிட்டன் அரசின் சட்ட இணையதளத்தில் இருக்கிறது, படித்துப் பாருங்கள். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.