வைட்டமின் ஏ ஊசி: இரட்டை அளவு உதவாது

‘சினைப்பருவத்துக்கு வந்த அன்றே இரட்டை அளவு வைட்டமின் ஏ போட்டால் பசுவின் கருமுட்டை தரமாகும்’ என்பது தவறு. அந்தப் பருவத்தில் வெளிவரும் முட்டை பல வாரங்களுக்கு முன்பே வளரத் தொடங்கியது. அந்தக் காலத் தீவனம்தான் முக்கியம். முட்டையைச் சுற்றியுள்ள நுண்ணறைச் செல்கள் ரெட்டினால் (retinol) என்ற வைட்டமின் ஏ-யை ரெட்டினாயிக் அமிலமாக மாற்றுகின்றன. அது முட்டையின் சைட்டோபிளாசம் (செல்லின் உள்ளே கருவைச் சுற்றியுள்ள பொருள்) முதிரவும் ஆக்சிஜனேற்றச் சேதம் குறையவும் உதவுகிறது. ஆய்வகத்தில் இதற்கு நானோமோலார் அளவே, அதாவது மிகமிக நுண்ணிய அளவே போதும். கூடினால் நஞ்சு, கருவில் ஊனமும் வரலாம்.

கறவை மாட்டுக்குப் பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 110 சர்வதேச அலகு. 500 கிலோ பசுவுக்கு நாளொன்றுக்கு 55,000. பச்சைத் தீவனம் தாராளமாகக் கிடைத்தால் அதிலுள்ள, உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் கரோட்டினே இதை ஈடுகட்டும். மாதக்கணக்கில் வெறும் வைக்கோலா? அப்போதுதான் குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். வெயிலில் காய்ந்த புல்லை நம்பாதீர்கள், கரோட்டின் பெருமளவு அழிந்திருக்கும். ஊசி தேவையா என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும்.