துப்பாக்கியின் தோற்றத்தைப் பார்த்து அனுமதி கொடுக்கக்கூடாது

போன ஞாயிற்றுக்கிழமை காலை மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தோம். கொஞ்சம் செம்பனை நிலம் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கைப்பேசியில் ஒரு துப்பாக்கிக் காணொளியைப் போட்டு என் முன்னால் நீட்டினார். முந்தின ராத்திரி காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கி அவருடைய இளங்கன்றுகளில் பதினேழைத் தோண்டிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. ஆள் கொதித்துப்போய் இருந்தார். "பாருங்கண்ணே, அமெரிக்காவுல விளையாட்டுத் துப்பாக்கின்னு பேர் வச்சு ஏகே மாதிரியே இறக்குமதி பண்றாங்க. நம்ம நாட்டுல மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?" என்றார்.

பதில் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் நின்றுவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்று. அவர் சொன்னது அரைத் தானியங்கித் துப்பாக்கி. அரைத் தானியங்கி என்றால் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டுதான் போகும். ஆனால் அடுத்த குண்டு தானாகவே ஏறி உட்கார்ந்துகொள்ளும். சுடுகிறவர் திரும்ப அழுத்தினால் போதும். விசையைப் பிடித்திருக்கும்வரை பாய்ந்துகொண்டே இருப்பது முழுத் தானியங்கி. அதில் அதிகம் சர்ச்சை இல்லை. எல்லாச் சண்டையும் இந்த அரைத் தானியங்கியை எந்தப் பெட்டியில் போடுவது என்பதில்தான்.

அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டம், வெளிநாட்டிலிருந்து வரும் துப்பாக்கி 'விளையாட்டு நோக்கத்துக்கு ஏற்றதா' என்று கேட்கிறது. வேட்டையும் குறிபார்த்துச் சுடும் போட்டியும் அதில் அடங்கும். 1989 ஜனவரி 17 அன்று கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் ஒரு தொடக்கப்பள்ளித் திடலில் ஒருவன் ஏகே வகைத் துப்பாக்கியால் சுட்டான். ஐந்து குழந்தைகள் இறந்துபோனார்கள். கம்போடியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் போருக்குத் தப்பி ஓடிய குடும்பத்துப் பிள்ளைகள். அதற்கப்புறம்தான் ஏடிஎஃப் என்ற அந்நாட்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்தக் கேள்வியைக் கறாராகக் கேட்டு, அதே ஆண்டில் 43 மாடல்களின் இறக்குமதியை நிறுத்தியது.

எதை வைத்து நிறுத்தினார்கள் என்பதுதான் விஷயம். கழற்றி மாற்றும் குண்டுக்கூட்டையும் (மேகசின்) பார்த்தார்கள். அதோடு தோளில் ஊன்றும் மடக்குக் கட்டை, தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி, துப்பாக்கிக்கத்தி மாட்டும் கொக்கி, தீப்பொறி மறைக்கும் குழல்முனை என்று ராணுவ அடையாளங்களைப் பட்டியல் போட்டார்கள். சீனத் தொழிற்சாலைக்காரர்கள் கைப்பிடியைக் கட்டையோடு சேர்த்துக் கட்டைவிரல் நுழைய ஒரு ஓட்டை போட்டார்கள், கொக்கியைச் சீவி எடுத்தார்கள். மாக்-90 என்று புதுப் பெயரில் அதே துப்பாக்கி கப்பலேறியது. உள்ளே இருக்கும் இயந்திரத்தில் எந்த மாற்றமும் இல்லை. 1998இல் ராணுவத்துக்காகச் செய்த, பத்துக்கு மேல் குண்டு பிடிக்கும் கூட்டை ஏற்கும் துப்பாக்கிகளையும் தடுத்தார்கள். அதற்கும் வழி கிடைத்தது. 20 பாகங்கள் கொண்ட பட்டியலில் வெளிநாட்டுப் பாகம் பத்தைத் தாண்டாமல், மீதியை உள்ளூரில் செய்து பூட்டினால் அது இறக்குமதிக் கணக்கில் வராது.

அந்தத் தம்பி காட்டிய காணொளியில் இருந்தது இந்தச் சந்துக்குள் நுழைந்து வந்த துப்பாக்கிதான்.

என் அப்பா இங்கே பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஜாகாவாக, அதாவது காவல்காரராக இருந்தார். தோட்டத்துக்கு ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. லைசென்ஸ் தோட்டத்தின் பேரில், எடுத்துச் சுட அனுமதி அப்பாவின் பேரில். சாயங்காலம் ஆபீஸ் இரும்பு அலமாரியிலிருந்து எடுத்துத் தரும்போது பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) தோட்டாக்களை எண்ணிக் கொடுப்பார். காலையில் மீதித் தோட்டாவையும் சுட்ட காலி உறையையும் எண்ணித் திரும்ப வாங்குவார். பள்ளி விடுமுறையில் டார்ச் பிடிக்க நானும் போவேன். இரண்டு வெடிக்கு அப்புறம் அப்பா துப்பாக்கியைத் தொடைமேல் சாய்த்து மடக்கித் திறப்பார். சூடாக இருக்கும் காலி உறைகளை நகத்தால் நெம்பி எடுத்துச் சட்டைப்பையில் போடுவார். அப்புறம்தான் புதுசு. அவ்வளவு வேகமானவருக்கே ஏழெட்டு விநாடி ஆகும்.

ஒரு ராத்திரி இரண்டு வெடி வெடித்துப் பன்றி தப்பிவிட்டது. அப்பா துப்பாக்கியை மடக்கியபோது ரப்பர்பால் கொட்டாய்ப் பக்கம் புதர் பலமாக அசைந்தது. நான் டார்ச்சைத் திருப்பினேன். அவிழ்த்துக்கொண்டு போன மாட்டைத் தேடி வந்த பக்கத்து லயத்துத் தாத்தா, கையில் கயிறோடு நின்றார். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். திறந்த துப்பாக்கி மடியில் கிடந்தது. தண்ணீர் கேட்டார், என்னிடம் தண்ணீர் இல்லை.

அந்த ஏழெட்டு விநாடி இல்லாத துப்பாக்கி அன்றைக்கு அப்பாவின் கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது. அதனால் கட்டை மரமா பிளாஸ்டிக்கா, பார்க்க ராணுவத் துப்பாக்கி மாதிரி இருக்கிறதா என்பது எனக்கு முக்கியமே இல்லை. அடுத்த குண்டு எப்படி ஏறுகிறது, கூடு எத்தனை குண்டு பிடிக்கும், அந்தக் கூட்டைக் கழற்றி இன்னொன்றை மாட்டலாமா என்றுதான் சுங்கத்திலும் சரி, போலீஸிலும் சரி, கேட்க வேண்டும்.

நியூசிலாந்து இதைப் பாதிதான் கேட்டது. அங்கே 1992இல் ராணுவபாணி அரைத் தானியங்கிக்குத் தனி வகை வைத்தார்கள். ஏழு குண்டுக் கூடும் சாதாரணக் கட்டையும் உள்ள அரைத் தானியங்கி சாதாரண லைசென்ஸிலேயே கிடைத்தது. பெரிய கூடு வாங்க லைசென்ஸே வேண்டாம். கிறைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச் 15 வெள்ளிக்கிழமைத் தொழுகையில் இருந்தவர்களைக் கொன்றவன் சாதாரணத் துப்பாக்கியை வாங்கி, பெரிய கூட்டை மாட்டினான். 51 பேர் இறந்தார்கள். நம் நாட்டுப் பையன் ஒருவனும் அதில் போனான், பதினேழு வயது. ஏப்ரலில் நாடாளுமன்றம் 119க்கு 1 என்ற வாக்கில் சட்டத்தை மாற்றியது. கூட்டையும் பாகங்களையும் சேர்த்தே தடுத்தார்கள். அதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

நம் கெடுபிடிக்கும் ஒரு கதை இருக்கிறது, அதுவும் நம் ஊரிலேயே தொடங்கியது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தது. அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்று விதி வந்தது. தொழிற்சங்கத் தலைவர் கணபதியை ஒரு கைத்துப்பாக்கிக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அது நீதி என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 1971இல் வந்த கடும் தண்டனைச் சட்டமும் அந்த நிழலில் பிறந்தவைதான். தண்டனையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம், நானும் கூட வருகிறேன். ஆனால் எந்த ஆளுக்கு, எந்தத் துப்பாக்கி, எதற்காக என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

சரி, பன்றிக்கு என்ன வழி? அந்தத் தம்பியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு கன்று நட்டு மூன்று வருஷம் காத்திருந்தால்தான் குலை வெட்டலாம். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் புகார் கொடுக்க வேண்டும், வேலி போட வேண்டும், இரட்டைக்குழலுக்குப் போலீஸில் மனுப் போட வேண்டும். அலைச்சல்தான். வருகிற செவ்வாய்க்கிழமை அவரோடு போய் பாரத்தை வாங்கி நிரப்பிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். நில கிராண்டின் (நிலப் பட்டா) நகலை எடுத்துவரச் சொன்னேன்.