தக்காளி அடித்தால் எழுந்துவிட வேண்டும்

இடம்: திருநெல்வேலி டவுன், ரத வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்து. தீபாவளிக்கு இன்னும் பதினைந்து நாள். இரண்டு மெஷின் போட்ட தையல் கடை. ஒரு மெஷின் மேல் துணி மலை. அதற்குப் பின்னால் டெய்லர் மாரியப்பன் இருக்கிறார் என்பது சத்தத்தை வைத்துத்தான் தெரியும்.

வருகிறவர் சந்திரசேகர், இன்சூரன்ஸ் ஆபீஸ் கிளார்க். மூன்று மாதமாக 'நேரத்தைச் சேமிப்பது எப்படி' என்று வீடியோ பார்த்து வருகிறார். ஒவ்வொன்றும் அரை மணி நேரம் ஓடும். அந்த அரை மணி நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுகிறார் என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்க வேண்டாம்.

சந்திரசேகர்: அண்ணாச்சி, என் பேன்ட் சட்டை ரெடியா?

மாரியப்பன்: (தலையைத் தூக்காமல்) வாங்க சார். காஜாவுக்குப் போயிருக்கிறது.

சந்திரசேகர்: எப்போது கேட்டாலும் இதே பதில்தானா? வெள்ளிக்கிழமை என் மச்சினனுக்குக் கல்யாணம்.

மாரியப்பன்: ஞாயிற்றுக்கிழமை.

சந்திரசேகர்: என்னது?

மாரியப்பன்: கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை சார். நீங்கள் வெள்ளி என்கிறீர்கள். உங்கள் வீட்டு அம்மா பிளவுஸ் கொடுக்க வந்தபோது வியாழன் என்றார்கள். உங்கள் மாமனார் புதன் என்றார். பத்திரிகையில் ஞாயிறு என்று போட்டிருக்கிறது. ஒரே மாப்பிள்ளைக்கு ஒரே வாரத்தில் நாலு கல்யாணம்.

சந்திரசேகர்: கொஞ்சம் முன்னாடி சொன்னால்தானே நேரத்துக்குத் தருவீர்கள்.

மாரியப்பன்: நீங்கள் இரண்டு நாள் குறைத்துச் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உங்கள் மாமனாருக்குத் தெரியும். அதனால்தான் அவர் நாலு நாள் குறைத்தார். அனுபவஸ்தர்.

சந்திரசேகர்: (சந்தோஷமாக ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு) அண்ணாச்சி, உங்களுக்கு இருப்பது ஒரு பிரச்சினை. அதற்குப் பெயரே இருக்கிறது, திட்டமிடல் பிழை. 1979-இல் டேனியல் கானெமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒரு வேலை போன தடவை இழுத்தது என்று நமக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இந்தத் தடவை சீக்கிரம் முடிந்துவிடும் என்று நம்புவோம்.

மாரியப்பன்: இதற்கு இரண்டு பேரா? எங்கள் அம்மாவிடம் கேட்டிருந்தால் எங்கள் அப்பாவைக் காட்டியிருப்பாள். அவரும் டெய்லர்தான்.

சந்திரசேகர்: கேளுங்கள். கனடாவில் கல்லூரி மாணவர்களிடம், ஆய்வுக் கட்டுரையை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். கடைசியில் ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் என்றும் கேட்டிருந்தார்கள். அதற்குச் சொன்னதே 49-க்குள்தான்.

மாரியப்பன்: பாவம், தொழிலுக்குப் புதுசு. என்னிடம் கேட்டிருந்தால் 'காஜாவுக்குப் போயிருக்கிறது' என்று சொல்லச் சொல்லியிருப்பேன். யாரும் நாளை எண்ண மாட்டார்கள்.

சந்திரசேகர்: விளையாடாதீர்கள். நான் உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். பொமடோரோ!

மாரியப்பன்: மருந்தா?

சந்திரசேகர்: தக்காளி! இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்று ஒருவர். 1980-களின் கடைசியில், படிக்கிற காலத்தில், பாடத்தில் மனசு நிற்கவில்லை. அடுப்படியில் வைக்கிற தக்காளி மாதிரி ஒரு டைமரை எடுத்து வைத்துக்கொண்டார். 25 நிமிடம் வேலை. மணி அடித்தால் 5 நிமிடம் ஓய்வு. நாலு தக்காளி முடிந்தால் பெரிய ஓய்வு.

மாரியப்பன்: காலர் ஏற்றிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால்?

சந்திரசேகர்: எழுந்துவிட வேண்டும்.

மாரியப்பன்: பாதிக் காலரிலா?

சந்திரசேகர்: தக்காளி அடித்தால் எழுந்துவிட வேண்டும் அண்ணாச்சி. அதுதான் சட்டம்.

மாரியப்பன்: சார், காலர் ஏற்றுகிறபோது மேல் துணியையும் கீழ்த் துணியையும் விரலால் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டே வர வேண்டும். நடுவில் விட்டுவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வந்து பிடித்தால் கைப்பதம் மாறிவிடும். ஒரு பக்கம் சுருக்கு விழும். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நீங்கள் கல்யாண போட்டோவில் நின்றால், காலமெல்லாம் கழுத்து சுளுக்கியவர் மாதிரி இருப்பீர்கள். சம்மதமா?

சந்திரசேகர்: (கழுத்தைத் தடவிக்கொண்டு) சரி, ஓய்வே வேண்டாமா?

மாரியப்பன்: ஏன் வேண்டாம்? பாபினில் நூல் தீர்ந்தால் நான் எழுந்துவிடுவேன். கரண்ட் போனால் எழுந்துவிடுவேன். டீக்காரப் பையன் வந்தால் அவன் கையில் பாத்திரம் தெரிவதற்கு முன்னால் எழுந்துவிடுவேன். எனக்குத் தக்காளி எதற்கு? விற்கிற விலையில் குழம்புக்கே யோசனையாக இருக்கிறது.

சந்திரசேகர்: அப்படியானால் காலையில் சீக்கிரம் எழுந்திருங்கள். நான் மூன்று மாதமாக நாலரை மணிக்கு எழுந்திருக்கிறேன். அரை மணி நேரம் எக்சர்சைஸ். தினமும். ஒரு நாள் தவறியதில்லை. போனில் இருக்கிறது, பாருங்கள். எல்லாம் பச்சை டிக்.

மாரியப்பன்: அப்படியா? போன வாரம் உங்கள் ஆபீஸுக்கு பிரீமியம் கட்ட வந்தேனே. கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு...

சந்திரசேகர்: அது கண்ணை மூடிச் சிந்திப்பது.

மாரியப்பன்: குறட்டை?

சந்திரசேகர்: ஆழ்ந்த சிந்தனை. உடம்புக்குப் பழகும் வரை கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். 21 நாளில் எந்தப் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். அது தப்பு. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் புத்தகம் எழுதினார். மூக்கைத் திருத்திக்கொண்டவர்களுக்குப் புது மூக்கு பழக, குறைந்தது 21 நாள் பிடிக்கிறது என்றார். பின்னால் வந்தவர்கள் 'குறைந்தது' என்பதை விட்டுவிட்டார்கள், மூக்கையும் விட்டுவிட்டார்கள். நாளை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

மாரியப்பன்: எங்கள் கடையிலும் அப்படித்தான். 'முடிந்தால் செவ்வாய்' என்று சொல்வேன். அவர்கள் காதில் செவ்வாய் மட்டும்தான் விழும்.

சந்திரசேகர்: உண்மையில் சராசரி 66 நாள். லண்டனில் ஆராய்ச்சி செய்து சொல்லியிருக்கிறார்கள். ஒருவருக்கு 18 நாள் போதும், இன்னொருவருக்கு 254 நாள் ஆகும்.

மாரியப்பன்: அந்த 254 யாரென்று தெரிந்தால் அவரிடம் ஆர்டர் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

(சந்திரசேகர் போனில் அடுத்த குறிப்பைத் தேடுகிறார். இதற்குள் மாரியப்பன் இரண்டு சட்டைக்குக் கை ஏற்றிவிட்டார். உலகத்தில் அறிவுரை கேட்பவர்கள்தான் நிறைய வேலை செய்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.)

சந்திரசேகர்: இதோ, இது உங்களுக்கே எழுதியது போல இருக்கிறது. இரண்டு நிமிட விதி. ஒரு வேலை இரண்டு நிமிடத்தில் முடியும் என்றால் தள்ளிப்போடாதே, உடனே செய்துவிடு.

மாரியப்பன்: (முதல் தடவையாக மெஷினை நிறுத்துகிறார்) இதை யார் சொன்னது?

சந்திரசேகர்: டேவிட் ஆலன். அமெரிக்கர். 2001-இல் அவர் எழுதிய புத்தகம் உலகமெல்லாம் பிரபலம்.

மாரியப்பன்: தையல் கடையில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார். இந்தக் கடையைக் கெடுத்ததே இரண்டு நிமிட வேலைதான் சார். 'அண்ணாச்சி, ஒரே ஒரு பட்டன்.' 'அண்ணாச்சி, ஸ்கூல் பை வார், ஒரு தையல் போதும்.' 'பேன்ட் நீளம், அரை இஞ்ச்.' தையல் இரண்டு நிமிடம்தான். ஆனால் மெஷினில் இருப்பது வெள்ளை நூல், அவர் கொண்டு வந்திருப்பது மெரூன். மேல் நூலை உருவ வேண்டும், பாபினை மாற்ற வேண்டும், பை என்றால் ஊசியும் மாற்ற வேண்டும். அப்புறம் அவர் மருமகளைப் பற்றி ஒரு கால் மணி நேரம் கேட்க வேண்டும். முடித்துவிட்டு வெள்ளைச் சட்டைக்குத் திரும்பினால் எந்தக் கையை எந்தப் பக்கம் வைத்தேன் என்றே மறந்துபோகும்.

சந்திரசேகர்: என்ன செய்வீர்கள் பிறகு?

மாரியப்பன்: அதோ அந்த பிஸ்கட் டின். சில்லறை வேலை எல்லாம் அதற்குள் போகும். ராத்திரி எட்டரை மணிக்கு மேல் நிறம் நிறமாகப் பிரித்து, மெரூன் எல்லாம் ஒரு மூச்சில், நீலம் எல்லாம் ஒரு மூச்சில். பகலில் வெள்ளை நூல் ஏற்றினால் வெள்ளைச் சட்டை தீர்ந்த பிறகுதான் கறுப்பு. வெட்டுகிறதும் அப்படித்தான், காலையில் மேஜையில் வெட்ட உட்கார்ந்தால் அன்றைக்கு உள்ள அத்தனையும் வெட்டிவிடுவேன். காஜாவுக்கும் ஒவ்வொன்றாக அனுப்ப மாட்டேன். இருபது சட்டை சேர்ந்தால்தான் பையன் சைக்கிளை எடுப்பான்.

சந்திரசேகர்: (கொஞ்சம் ஏமாற்றத்துடன்) இதுவும் வீடியோவில் இருக்கிறது. ஒரே மாதிரி வேலைகளைச் சேர்த்துச் செய். பதினேழாவது குறிப்பு. நானே இன்னும் அதுவரை போகவில்லை.

மாரியப்பன்: போய்ப் பாருங்கள், நல்லாயிருக்கும்.

சந்திரசேகர்: இவ்வளவு தெரிந்தும் ஏன் அண்ணாச்சி எல்லோருக்கும் லேட்?

மாரியப்பன்: நாற்பது துணி தைக்கிற கையில் தொண்ணூறு துணி வாங்கினால்?

சந்திரசேகர்: ஏன் வாங்குகிறீர்கள்?

மாரியப்பன்: முகத்தைப் பார்த்து எப்படி முடியாது என்பது? ஒருவர் சம்பந்தி, ஒருவர் வீட்டு ஓனர், ஒருவர் என் மகளுக்கு டியூஷன் எடுக்கிற டீச்சர்.

சந்திரசேகர்: (எழுந்து நிற்கிறார்) இங்கேதான் அண்ணாச்சி விஷயமே! முடியாது என்று சொல்லப் பழக வேண்டும். அந்த ஒரு வார்த்தை நாலு தக்காளிக்குச் சமம். உங்களிடம் போர்டு இல்லையா?

மாரியப்பன்: இருக்கிறது. 'தீபாவளி ஆர்டர் முடிந்தது' என்று போன வருஷம் எழுதினேன்.

சந்திரசேகர்: எங்கே?

மாரியப்பன்: அயர்ன் பாக்ஸுக்கு அடியில். சூடு மேஜைக்கு இறங்காமல் இருக்கிறது, நல்ல போர்டு.

(சந்திரசேகர் போர்டை எடுத்து, தன் கைக்குட்டையால் துடைத்து, ஸ்டூலில் ஏறி வாசல் ஆணியில் தன் கையாலேயே மாட்டுகிறார்.)

சந்திரசேகர்: முடிந்தது. இனிமேல் சம்பந்தி வந்தாலும் சரி, ஓனர் வந்தாலும் சரி, கூடப் பிறந்த தம்பியே வந்தாலும் சரி, விரலை மட்டும் போர்டு பக்கம் காட்டுங்கள். விதிவிலக்கே கிடையாது. சொல்லுங்கள்.

மாரியப்பன்: விதிவிலக்கே கிடையாது.

சந்திரசேகர்: ஆஹா. எப்படி இருக்கிறது?

மாரியப்பன்: நெஞ்சு லேசாகத்தான் இருக்கிறது சார். சரி, உங்கள் ரசீதைக் கொடுங்கள். காஜாவிலிருந்து வந்துவிட்டதா என்று பார்த்துவிடுகிறேன்.

சந்திரசேகர்: ரசீதா? காகிதமே வைத்துக்கொள்வதில்லை. எல்லாம் போனில்தான். இதோ, 'டெய்லரிடம் துணி கொடுப்பது', பச்சை டிக். போன மாதம் 20-ஆம் தேதி.

மாரியப்பன்: (நோட்டைப் புரட்டுகிறார். திரும்பவும் புரட்டுகிறார்.) 20-ஆம் தேதி கடை லீவு. நான் திருச்செந்தூர் போயிருந்தேன்.

(சந்திரசேகர் போனைப் பார்க்கிறார். மாரியப்பன் சந்திரசேகரைப் பார்க்கிறார்.)

சந்திரசேகர்: துணியை எடுத்து வண்டியில் வைத்தேன். போகிற வழிதானே, இரண்டு நிமிட வேலைதானே என்று அப்போதே டிக் அடித்துவிட்டேன்.

மாரியப்பன்: துணி?

சந்திரசேகர்: வண்டி சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டும்.

மாரியப்பன்: பாபினில் நூல் தீர்ந்தது தெரியாமல் ஓட்டினால் இப்படித்தான் சார். ஊசி ஏறி இறங்கும், சத்தம் வரும், துணியும் நகரும். தூக்கிப் பார்த்தால் இரண்டு துண்டும் தனித்தனியாக நிற்கும்.

சந்திரசேகர்: அது இருக்கட்டும். நான் துணியே கொடுக்கவில்லை. அப்படியானால் காஜாவுக்குப் போனது எது?

மாரியப்பன்: (கொஞ்சமும் அசராமல்) யாருடையதோ போயிருக்கிறது சார். போனது உண்மை.

சந்திரசேகர்: அண்ணாச்சி... ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம்.

மாரியப்பன்: வெள்ளிக்கிழமை என்றீர்களே?

சந்திரசேகர்: ஞாயிறுதான். சத்தியமாக ஞாயிறு. காலை ஏழரைக்கு.

(மாரியப்பன் பேசாமல் ஒரு விரலை வாசல் பக்கம் நீட்டுகிறார்.)

சந்திரசேகர்: போர்டை விடுங்கள். அது மற்றவர்களுக்கு.

மாரியப்பன்: கூடப் பிறந்த தம்பிக்கே கிடையாது என்றீர்கள்.

சந்திரசேகர்: தம்பிக்கு நான் பொறுப்பில்லை. நான் வாடிக்கை. பன்னிரண்டு வருஷ வாடிக்கை.

(மாரியப்பன் நாலு தக்காளி நேரம் யோசிப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, நாலு வினாடியில் யோசித்து முடிக்கிறார்.)

மாரியப்பன்: போர்டில் எழுத்து தெருப் பக்கம் பார்த்து இருக்கிறது. நீங்கள் கடைக்குள்ளே நிற்கிறீர்கள். அதனால் உங்களைக் கட்டுப்படுத்தாது. துணியை எடுத்து வாங்க.

(சந்திரசேகர் ஓடிப் போய்த் துணியோடு வருகிறார். சீட்டுக்கு அடியில் கிடந்ததில் லேசாகப் பெட்ரோல் வாசம். மாரியப்பன் கழுத்தில் தொங்கும் டேப்பை உருவுகிறார்.)

சந்திரசேகர்: அளவு எதற்கு? நோட்டில்தான் இருக்கிறதே. ஆடி மாதம் எடுத்ததுதான். இடுப்பு 36.

மாரியப்பன்: கையைத் தூக்குங்கள். மூச்சை உள்ளே இழுக்காதீர்கள் சார், கல்யாணப் பந்தியில் இழுத்துப் பிடித்துக்கொண்டா சாப்பிடப் போகிறீர்கள்? (டேப்பைப் பார்க்கிறார். இன்னொரு தடவை சுற்றிப் பார்க்கிறார்.) சார், அந்த நாலரை மணி எக்சர்சைஸ்...

சந்திரசேகர்: தினமும் டிக் அடித்திருக்கிறேன் அண்ணாச்சி.

மாரியப்பன்: போனில் இருப்பவருக்கு 36. இங்கே நிற்கிறவருக்கு 38. யாருக்குத் தைக்கட்டும்?